கொய்யா இலையில கெடைச்ச காவடிப்புழுவை டப்பால வளத்து அந்துப்பூச்சி ஆக்குறது எப்படி

போன ஐப்பசி மழையப்போ ஒரு கருப்புப் புழு எங்க வீட்டுக் கொய்யா மரத்துல இருந்து நூலு விட்டு எறங்கி, காயப்போட்ட துண்டு மேல ஏறி முழம் போட ஆரம்பிச்சுச்சு, அம்மா வெளக்குமாத்தைத் தேடிட்டு இருந்தாங்க, நான் ஐஸ்கிரீம் டப்பாவைத் தேடினேன். டப்பா மொதல்ல கெடைச்சுச்சு. அதுல இருந்து ஒரு வருஷமா சேலத்துலயும் ஏற்காட்டுலயும் இந்தப் புழுவைப் புடிச்சு வளக்குறதே வேலையாப் போச்சு, இதுவரைக்கும் ஒம்பது வளத்துருக்கேன், அதுல அஞ்சுதான் பறந்துச்சு. மீதி நாலும் ஏன் செத்துச்சுன்னு சொன்னாலே பாதி விஷயம் உங்களுக்குப் புரிஞ்சிரும்.

புழுவை போட்டோ புடிச்சுப் போட்டு "இது என்ன பூச்சிங்க"ன்னு கேட்டா பெரும்பாலும் பதில் வராது. பாக்குற ஆளுங்க மேல தப்பில்ல, இந்தப் புழு சேந்த ஜியோமெட்ரிடேங்கற அந்துப்பூச்சிக் குடும்பத்துல உலகம் முழுக்க இருபதாயிரத்துக்கு மேல எனங்கள் இருக்கு, அதுல முக்காவாசிப் புழு குச்சி மாதிரியேதான் இருக்கும். வளத்து, றெக்கை விரிஞ்சதுக்கு அப்புறம் பாத்தாதான் பேர் தெரியும். பேர் வேணும்னா வளக்கணும், எனக்குத் தெரிஞ்சு வேற குறுக்கு வழி கெடையாது.

மொதல்ல சரியான புழுவைத்தான் புடிச்சிருக்கீங்களான்னு பாருங்க. நம்ம ஊர்ல வளைஞ்சு வளைஞ்சு நடக்குற எல்லாத்தையும் காவடிப்புழுன்னுதான் சொல்லுவோம், ஆனா அதுல ரெண்டு கூட்டம் இருக்கு. ஆத்தூர் பக்கம் ஆமணக்கு போட்டவங்ககிட்ட கேட்டீங்கன்னா காவடிப்புழுன்னதும் ஆமணக்கு எலையை நரம்பு மட்டும் விட்டுட்டுத் தின்னுட்டுப் போறதைத்தான் சொல்லுவாங்க, அதோட பேரு அக்கேயா ஜனாட்டா, அது வேற குடும்பம். வித்தியாசத்தைக் காலுல பாக்கணும். சாதாரணப் புழுவுக்குத் தலைகிட்ட ஆறு நெசக் கால் இருக்கும், அதுக்கப்புறம் வயித்துக்கு அடியில சதைக்கால் அஞ்சு ஜோடி இருக்கும். ஆமணக்குக் காவடிப்புழுவுக்கு அதுல முன்னாடி ஜோடி சின்னதாயிருக்கும், ஆனா நடு வயித்துல மத்த காலெல்லாம் இருக்கும். நாம தேடுறது ஜியோமெட்ரிட், அதுக்கு ரெண்டே ஜோடி சதைக்கால், ரெண்டும் வால் பக்கம். நடு உடம்பு மொட்டையா இருக்கும். நடுவுல கால் இல்லாததாலதான் வயித்தைத் தூக்காம நடக்கவே முடியாது, முன்னங்காலைப் புடிச்சுக்கிட்டு பின்னாடியை இழுத்துத் தலைகிட்டக் கொண்டாந்து ஒட்டும், அப்ப உடம்பு காவடி வளைவு மாதிரி மேல எழும்பும், அப்புறம் பின்னங்காலை ஊனிட்டு முன்னாடி நீளும். ஜியோமெட்ரிடேன்னு பேர் வெச்சதே பூமியை அளக்குறவன்கற அர்த்தத்துலதான். எங்க பாட்டி இதைப் பாத்தா "டெய்லர் வந்துட்டான்"னு சொல்லும்.

எங்க வீட்ல வந்தது ஹைப்போசிட்ரா தலாக்கான்னு பின்னாடி தெரிஞ்சுச்சு. 1860ல பிரான்சிஸ் வாக்கர்ங்கறவர் பேர் வெச்சது. இந்தியாவுல இருந்து தென்கிழக்கு ஆசியா வழியா ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து வரைக்கும் பரவிக் கெடக்குற பூச்சி, இதுதான்னு இல்லாம கண்டதைத் தின்னும், டீ, காபி, கோக்கோ, கொய்யா, தேக்கு எல்லாம் அது பட்டியல்ல உண்டு. அஸ்ஸாம் பக்கமும் வடக்கு வங்காளத்து டூவர்ஸ் பக்கமும் டீத் தோட்டக்காரங்களைத் தூங்கவிடாத புழு இதுதான். அதனாலயே இதை வெச்சு ஆரம்பிங்கன்னு சொல்றேன், எல்லா எடத்துலயும் கெடைக்கும், தீனிக்குப் பிகு பண்ணாது, அரிய வகையைச் சாகடிச்சுட்டோமேன்னு ராத்திரி புலம்ப வேண்டியதும் இல்ல.

தேடுறதுக்குப் பகல் வேஸ்ட். பகல்ல அது குச்சியா நிக்கும், பின்னங்கால்ல கெளையைப் புடிச்சுக்கிட்டு உடம்பை ஒரு சாய்வுல நீட்டிட்டு ஆடாம அசையாம நிக்கும், மூஞ்சிக்கு நேரா இருந்தாலும் தெரியாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல டார்ச்சை எலைக்கு அடியில இருந்து மேல அடிச்சுப் பாருங்க, எலை ஓரத்துல நிழல் தெரியும். சின்ன வயசுப் புழு கருப்பா, முதுகுல குறுக்கால வெள்ளைப் புள்ளி வரிசை வரிசையா இருக்கும், கருப்பு நூல்ல வெள்ளை மணி கோத்த மாதிரி. வளர வளர அந்தப் புள்ளியெல்லாம் மங்கி மரப்பட்டைக் கலருக்கு வந்துரும். எலையில சின்னச் சின்ன ஓட்டையும் ஓரத்துல கடிச்ச அரைவட்டமும் இருந்தா பக்கத்துலயே எங்கயோ இருக்குன்னு அர்த்தம். இன்னொரு சுலபமான வழி, மரத்துக்கு அடியில பழைய பேப்பரை விரிச்சுட்டுக் காலையில பாருங்க, கருப்புக் கருப்பாப் புழுக்கை கெடந்துச்சுன்னா அதுக்கு நேர் மேல தலையைத் தூக்குங்க.

ஏற்காட்டுல தேடுறதுன்னா காபித் தோட்டம்தான். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டாந்து நட்ட காபி இன்னைக்கு மலை முழுக்க இருக்கு, அதுக்கு நிழலுக்குச் சில்வர் ஓக், அது மேல மெளகுக்கொடி. இந்த அந்துப்பூச்சி முட்டையைப் பெரும்பாலும் எலையில வெக்காது, நிழல் மரத்துப் பட்டை வெடிப்புக்குள்ள கொத்தாச் சொருகி வெச்சுரும், நூத்துக்கணக்குல இருக்கும், பொரிஞ்ச குட்டிங்க நூலு விட்டுக் காத்துல ஆடி ஆடிக் கீழ இருக்குற செடிக்கு எறங்கும். நாகலூர் பக்கம் எங்க பெரியப்பா ஒரு எஸ்டேட்ல மேஸ்திரியா இருக்காரு, அவருகிட்டப் போய் நின்னப்போ "ஏன்டா சாமி, நாங்க மருந்தடிச்சு ஒழிக்கிறதை நீ டப்பால போட்டு வீட்டுக்குக் கொண்டு போறியா, அதுக்குத் தொட்டில் வேற கட்டுவியா"ன்னாரு. ஆனா எந்த மரத்துல பட்டை பொளந்துருக்குன்னு அவருக்குத்தான் தெரிஞ்சுச்சு, அன்னைக்கு அவர் காட்டலைன்னா வெறுங்கையோடதான் எறங்கிருப்பேன்.

ரெண்டு விஷயம் சொல்லிடறேன். ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள போய் எதையும் எடுக்காதீங்க, தெரிஞ்சவங்க தோட்டம், சொந்த வீட்டுக் கொல்லை இதோட நிறுத்திக்கோங்க. அப்புறம் ஏற்காட்டுல ராத்திரி டார்ச் எடுத்துட்டுத் தனியாப் போகாதீங்க, காட்டெருமை காபிச் செடி நடுவுல நிக்கிறது கண்ணுல படவே படாது, எனக்கு ஒருக்கா இருபதடி தூரத்துல மூச்சு விடுற சத்தம் கேட்டுதான் தெரிஞ்சுச்சு, அன்னைக்குப் புழுவும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு ஓடி வந்தேன்.

இப்ப டப்பா. ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பா, ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா எதுவா இருந்தாலும் சரி, மூடியில ஆணியால ஓட்டை போடாதீங்க, குட்டிப் புழு நூலு கனம்தான் இருக்கும், அந்த ஓட்டை வழியா வெளிய வந்து ஃபேன் மேல ஏறிரும். மூடியைத் தூக்கிப் போட்டுட்டு பழைய வேட்டித் துணியை மேல போத்தி ரப்பர் பேண்டு மாட்டுங்க. அடியில டிஷ்யூ பேப்பர் ஒண்ணு. ஒரு டப்பாவுக்கு ஒரு புழு, பேராசைப்பட்டு நாலைப் போட்டீங்கன்னா ஒண்ணுக்கு நோய் வந்தா நாலும் போயிரும். டப்பா மேல பேப்பர் ஒட்டி தேதி, ஊர், எந்தச் செடியில கெடைச்சுதுன்னு எழுதுங்க, இதை மட்டும் சோம்பேறித்தனம் பண்ணாதீங்க, ஒரு மாசம் கழிச்சு எது கொய்யா எது காபின்னு மண்டையைப் பிச்சுக்குவீங்க.

தீனி விஷயத்துல ஒரே சட்டம்தான், எந்த எலையில புடிச்சீங்களோ அந்த எலையே போடுங்க. கண்டதைத் தின்னும்னு மேல சொன்னது எனத்துக்குப் பொருந்தும், ஆனா கொய்யாவுல பொறந்து வளந்த ஒரு தனிப் புழுவுக்கு நடுவுல காபி எலையைக் குடுத்தா அது தொடாம பட்டினி கெடக்கலாம். ஏற்காட்டுல புடிச்சா ஒரு கவர் நெறைய காபி எலையும் சேத்துப் பறிச்சுட்டு எறங்குங்க, ஈரப் பேப்பர் சுத்தி ஃபிரிட்ஜ்ல காய்கறி டப்பால வெச்சா நாலஞ்சு நாள் தாங்கும். வீட்ல இருக்குறவங்க கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, எங்க வீட்ல அதைக் கீரைன்னு நெனச்சு எடுத்து அலசிட்டாங்க. எலைக் காம்பைச் சின்ன மருந்து பாட்டில் தண்ணியில நிறுத்தலாம், ஆனா வாயைப் பஞ்சு வெச்சு அடைங்க, இல்லைன்னா புழு காம்பு வழியா எறங்கித் தண்ணியில முங்கிச் சாகும்.

என்னோட மொதல் சாவு இந்த எலையாலதான். மரத்துல தளிர் இல்லைன்னு ஒரு நர்சரியில புதுசாக் கொய்யா நாத்து வாங்கிட்டு வந்தேன், நல்லாப் பளபளன்னு ஒரு ஓட்டை இல்லாம இருந்துச்சு. ஓட்டையே இல்லைங்கறது எவ்ளோ பெரிய எச்சரிக்கைன்னு அப்பத் தெரியல. சாயங்காலம் எலை போட்டேன், காலையில புழு பச்சையா வாந்தி எடுத்துட்டு சுருண்டு கெடந்துச்சு. அது செடிக்குள்ளயே ஏறிக் கெடக்குற மருந்து, கழுவுனாலும் போகாது. பூச்சி கடிச்ச எலை இருக்குற மரமாப் பாத்துப் பறிங்க.

தெனமும் காலையில டிஷ்யூவை மாத்தணும், புழுக்கையைக் கொட்டணும். புழுக்கை கல்லு மாதிரி காஞ்சு இருந்தா புழு நல்லா இருக்குன்னு அர்த்தம், ஈரமா ஒட்டுச்சுன்னா டப்பாவுக்குள்ள வேர்க்குதுன்னு அர்த்தம், துணியைக் கொஞ்ச நேரம் ஃபேன் காத்துல விடுங்க, பழைய எலையை எடுங்க. புழுவைக் கையால புடுங்காதீங்க, பின்னங்கால் எலையைக் கவ்வுன கவ்வுல உடம்பு பிய்ஞ்சுரும். எலையோட சேத்துக் கத்தரிச்சு புது எலை மேல வெச்சா அதுவாவே ஏறிக்கும்.

திடீர்னு ஒருநாள் தின்னாம அசையாம இருக்கும், தலை கொஞ்சம் வீங்குன மாதிரித் தெரியும். செத்துருச்சுன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுறாதீங்க, தோலுரிக்கப் போகுது. அன்னைக்கு டப்பாவைத் தொடவே வேணாம். நான் ஒருதடவை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு உக்காந்து பாத்தேன், மொதல்ல பழைய தலை ஓடு முன்னாடித் தள்ளிக் கழண்டு விழும், உளுந்துத் தோலு மாதிரி ஒரு சின்னக் கருப்புத் தொப்பி, அப்புறம் தோலு பின்பக்கமாச் சுருண்டுட்டே போகும், நாம டைட்டா இருக்குற சாக்ஸைக் கழட்டுற மாதிரி. புதுத் தலை வெளுப்பா, உடம்பை விடப் பெருசா இருக்கும், ரெண்டு மணி நேரத்துல கலர் ஏறிரும். அஞ்சு பருவம் தாண்டணும், அதனால இப்படி நாலு சட்டை கழட்டும்.

கலர்னதும் ஞாபகம் வருது. பன்னெண்டாவது ஜுவாலஜியில படிச்சிருப்பீங்களே, இங்கிலாந்துல மான்செஸ்டர்ல பொகை படிஞ்ச மரத்துல கருப்பு அந்துப்பூச்சி பெருகுன கதை, 1848ல மொதக் கருப்பைப் பாத்தாங்கன்னு, அந்தப் பிஸ்டன் பெட்டுலேரியாவும் இதே குடும்பம்தான். அதோட புழுவும் குச்சி வேஷம்தான் போடும், இருக்குற குச்சி கலருக்குத் தன் கலரை மாத்திக்கும். 2019ல வந்த ஒரு ஆராய்ச்சியில அந்தப் புழுவோட கண்ணை பெயின்ட் அடிச்சு மறைச்சுட்டு விட்டாங்க, அப்பவும் குச்சி கலருக்கு மாறுச்சு, அதாவது தோலாலயே கலரைப் பாக்குது. படிச்சதும் நான் என் டப்பாவுல ஒரு வெள்ளைக் குச்சியும் ஒரு கருப்புக் குச்சியும் போட்டுப் பாத்தேன், நம்ம ஆளு ரெண்டையும் கண்டுக்காம டப்பாவோட பிளாஸ்டிக்ல போய் நின்னுச்சு.

நோயும் ஒட்டுண்ணியும் வரும், தயாரா இருங்க. ஒரு புழு காலையில கெளையில தலைகீழா, ஈரத் துணி மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு, தொட்டா ஒடைஞ்சு கொழகொழன்னு ஊத்துச்சு, அது வைரஸ். இந்தப் புழுவுக்குன்னே ஒரு வைரஸ் இருக்கு. டப்பாவோட எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க, இல்லைன்னா பிளீச்சிங் தண்ணியில ஊற வெச்சுக் கழுவிட்டு வெயில்ல வைங்க, கையை சோப்பு போட்டுக் கழுவிட்டுதான் அடுத்த டப்பாவைத் தொடணும். இன்னொண்ணு பக்கத்துல சீரகச் சம்பா அரிசி மாதிரி வெள்ளைக் கூடு ஒட்டி இருந்துச்சு, புழு பாதி உசுரோட அது பக்கத்துலயே நின்னுச்சு. அது குட்டிக் குளவியோட வேலை, புழு சின்னதா இருக்கும்போதே உள்ள முட்டை வெச்சுட்டுப் போயிருக்கும், நீங்க வாரக்கணக்கா எலை போட்டு வளத்தது குளவியோட புள்ளையைத்தான். எனக்கு மொதல்ல ஆத்திரம் வந்துச்சு, அப்புறம் அந்தக் கூட்டைத் தனி டப்பால மூடி வெச்சேன், ஆறாம் நாளு கொசுவை விடச் சின்னதா ஒரு கருப்புக் குளவி வந்துச்சு, அதையும் போட்டோ எடுத்துட்டு விட்டுட்டேன். தோட்டத்துல மருந்தே இல்லாம இந்தப் புழுவைக் குறைக்கிற ஆளு அதுதான்.

இப்ப ரொம்ப முக்கியமான எடம், மண்ணு. நாலாவது சாவு இதுல நடந்துச்சு, இப்பவும் அதை நெனச்சாக் கஷ்டமா இருக்கு, ஏன்னா அது நல்லாக் கொழுத்து சுண்டு விரல் நீளத்துக்கு வந்த புழு. அந்தப் பருவத்துல தீனியை நிறுத்திட்டு டப்பாவுக்குள்ள ராத்திரி பகலா சுத்திச் சுத்தி ஓடுச்சு, நான் எலை புடிக்கலைபோலன்னு எலையை மாத்திட்டே இருந்தேன். அது தேடுனது எலை இல்ல, மண்ணு. மரத்துல இருந்து எறங்கி அடியில மண்ணுக்குள்ள பொதைஞ்சுதான் கூட்டுப்புழு ஆகும், டிஷ்யூ பேப்பர் மேல மூணு நாள் ஓடி ஓடி வத்திப் போய் பாதி உரிஞ்ச தோலோட செத்துருச்சு. அதனால புழு ஓட ஆரம்பிச்ச அன்னைக்கே, இல்ல அதுக்கு முன்னாடியே, வேற ஒரு டப்பால ரெண்டு இஞ்சு ஒசரத்துக்குத் தோட்டத்து மண்ணையும் தேங்காய் நார்த் தூளையும் பாதிப்பாதி கலந்து போட்டுருங்க. ஈரம் எவ்ளோன்னா, கையில புடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. மண்ணை முன்னாடியே இரும்புச் சட்டியில வறுத்து ஆற வெச்சா எறும்பு, பூச்சி எல்லாம் போயிரும். மேல ரெண்டு காஞ்ச எலை. புழுவை விட்டா பத்து நிமிஷத்துல தலையைச் சொருகி உள்ள போயிரும்.

அதுக்கப்புறம் தோண்டாதீங்க. தோண்டணும்னு கை பரபரன்னு இருக்கும், தோண்டாதீங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஸ்ப்ரேயர்ல ஓரமாத் தண்ணி அடிங்க, அவ்ளோதான். டப்பாவை எறும்பு ஏறாம ஒரு தட்டுத் தண்ணி நடுவுல வைங்க. ஒரு குச்சியை மண்ணுல இருந்து டப்பா மேல வரைக்கும் சாய்வா நிறுத்துங்க, சொரசொரப்பான குச்சியா இருக்கணும், இது அலங்காரத்துக்கு இல்ல. வெளிய வர்ற அந்துப்பூச்சியோட றெக்கை கசங்குன பேப்பர் மாதிரி இருக்கும், ஒசரமா ஏறித் தொங்கி ரத்தத்தை பம்ப் பண்ணித்தான் அது விரியும், ஏற எடமில்லைன்னா மடங்குனபடியே காஞ்சு போயிரும், அப்புறம் அது பறக்கவே பறக்காது. அஸ்தம்பட்டியில எங்க வீட்டுச் சூட்டுக்குப் பதினோரு நாள்ல வந்துச்சு, அதே காலத்துல நாகலூர்ல பெரியப்பா வீட்டுத் திண்ணையில வெச்சது குளிருக்குப் பதினேழு நாள் எடுத்துச்சு.

வந்ததும் ராத்திரியே போட்டோ எடுக்காதீங்க, காலையில றெக்கை நல்லாக் காஞ்சதும் டப்பாவைக் கொஞ்ச நேரம் நிழல்ல வெச்சுட்டு எடுங்க. இது பட்டாம்பூச்சி மாதிரி றெக்கையைக் கூப்பி உக்காராது, செவுத்துல ஒட்டுன ஸ்டிக்கர் மாதிரி விரிச்சு வெச்சுரும், அதனால நேர் மேல இருந்து ஒரு படம் எடுங்க, ஒரு படம் பக்கவாட்டுல, முடிஞ்சா அடிப்பக்கம் ஒண்ணு, கூட ஒரு ஸ்கேல். முன் றெக்கையோட நுனி கொக்கி மாதிரி வளைஞ்சு இருக்கான்னு பாருங்க, மங்குன காபித் தூள் கலர், சாம்பல் கலந்து அலை அலையாக் கோடு. பொண்ணு ஆணை விட நல்லாப் பெருசா இருக்கும், ஆணோட மீசை சீப்புப் பல்லு மாதிரி இருக்கும். இதேபோல ஹைப்போசிட்ரா இன்ஃபிக்சேரியான்னு கூடப்பொறந்தது ஒண்ணு இருக்கு, அதுல நானே ரெண்டு தடவை ஏமாந்தேன், அதனால படத்தை ஐநேச்சுரலிஸ்ட்ல (உயிரினங்களோட படத்தைப் போட்டுப் பேர் கேக்குற வெப்சைட்) ஏத்தும்போது புழு, கூடு, அந்து மூணு படத்தையும் ஒரே பதிவுல போடுங்க, அப்பத்தான் தெரிஞ்சவங்க உறுதியாச் சொல்லுவாங்க.

வளக்கப் பொறுமை இல்லைன்னா பெருசை மட்டும் பாக்க ஒரு வழி இருக்கு. அமாவாசை பக்கமா, மழை விட்டு காத்து இல்லாத ராத்திரியில வெள்ளை வேட்டியைக் கொடியில கட்டித் தொங்கவிட்டு முன்னாடி ஒரு மெர்க்குரி பல்பு போடுங்க, எல்இடிக்கு அவ்வளவா வராது. ஏற்காட்டுல லேசா மஞ்சு எறங்குற ராத்திரி ஏழரையில இருந்து பத்து வரைக்கும் வேட்டி நெறைஞ்சுரும், அதுல தட்டையா ஒட்டி இருக்குறதுல பாதி ஜியோமெட்ரிட்தான். ஜூலை கடைசியில உலகம் முழுக்க அந்துப்பூச்சி வாரம் நடக்குது, 2012ல இருந்து, அப்பப் போட்டாக் கூட ரெண்டு பேர் துணைக்குக் கெடைப்பாங்க. ஹாம்ப்சன்னு ஒரு வெள்ளைக்காரர் நீலகிரிக்கு டீ போட வந்துட்டு அந்துப்பூச்சிப் பித்து புடிச்சு கடைசியில அதையே தொழிலாக்கிக்கிட்டாரு, எங்க பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன், "அவருக்கு எஸ்டேட் சொந்தமா இருந்துருக்கும்டா, உனக்கு என்ன"ன்னாரு.

விடுறது ராத்திரியில விடுங்க, பகல்ல விட்டா வாசல்லயே கரிக்குருவி கொத்திட்டுப் போயிரும். ரெண்டு நாளுக்கு மேல அடைச்சு வெக்காதீங்க, டப்பாவுல அடிச்சு அடிச்சு றெக்கை ஓரம் கிழிஞ்சுரும். ஏற்காட்டுல புடிச்சதை ஏற்காட்டுலயே விடுங்க, சேலத்துல புடிச்சதைச் சேலத்துல. மண்ணைக் கெளறினா செவப்பா காலிக் கூடு கெடைக்கும், பொடிஞ்சுரும், மெதுவா எடுத்து அந்தத் தேதிச் சீட்டோட ஒரு தீப்பெட்டியில போட்டு வைங்க, டப்பாவைக் கழுவிக் காய வெச்சா அடுத்த மழைக்கு ரெடி.